நீலகிரியில் ஒரு கொலைக்கதை எழுதுகிறீர்களா? பிணம் யார், சாட்சி யார் என்று முதலில் பாருங்கள்

"அண்ணே, ஊட்டியில ஒரு மர்டர். மிஸ்ட் நல்லா வேணும். ட்ரைபல் கொஞ்சம் வேணும்."

பதினெட்டு வருடமாகக் குன்னூரில் இருந்துகொண்டு படக்குழுக்களுக்கு லொகேஷன் பார்த்துக் கொடுக்கிறேன். இந்த போன் எனக்கு வராத வருடம் இல்லை. "ட்ரைபல் கொஞ்சம்" என்பதைக் குழம்புக்கு உப்பு கேட்கிற மாதிரியே கேட்பார்கள். கேட்கிற பையன்கள் கெட்டவர்கள் இல்லை, நன்றாகப் படித்தவர்கள். படத்தில் எல்லாத் தரப்பு மக்களும் வரவேண்டும் என்று உண்மையாகவே நினைப்பவர்கள். அதை எப்படிச் செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, அவ்வளவுதான். அவர்களுக்கு டீக்கடையில் உட்கார்ந்து சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. தாத்தாவும் பாட்டியும் 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டிச் சீமையிலிருந்து, அதாவது இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து, வந்தவர்கள். அவர்களைப் போன்றவர்களுக்காகத்தான் அரசு இங்கே தேயிலைத் தோட்டம் போட்டது, டேன்டீ என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். மலையில் எங்களுக்கு "சிலோன்காரங்க" என்று பெயர். நான் லொகேஷன் பார்த்துக் கொடுத்த படங்களில் எங்கள் லைன் வீடுகள் (தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள்) நிறைய வந்திருக்கின்றன. வீட்டுக்குள் இருக்கிற ஆட்கள் வந்ததில்லை.

முதல் வேலை: "ஊட்டி" என்ற சொல்லை அடியுங்கள்

ஸ்கிரிப்டில் "இடம்: ஊட்டி" என்று இருந்தால் அந்தக் கதை இன்னும் எங்கேயும் நடக்கவில்லை என்று அர்த்தம். உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்று ஆறு தாலுகா இருக்கிறது. ஒவ்வொன்றிலும் மழை வேறு, மொழி வேறு, நிலப் பிரச்சினை வேறு. கொலை எந்தச் சரிவில் நடக்கிறது என்று முடிவு செய்தால் யார் யார் கதையில் இருப்பார்கள் என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும்.

மேலே உதகைப் பீடபூமியில் தோடர் மந்துகள், மந்து என்றால் அவர்கள் ஊர். ஏழு ஊர்களில் கோத்தர்கள், அந்த ஊர்களுக்குக் கோக்கால் என்று பெயர். உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா எங்கும் படுகர் ஊர்களான ஹட்டிகள். கோத்தகிரிக்குக் கீழே கிழக்குச் சரிவில் இருளரும் குறும்பரும். கூடலூர், பந்தலூர் பக்கம் இறங்கினால் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர். அவர்களோடு வயநாடன் செட்டி, மவுண்டாடன் செட்டி, மலையாளிகள், சிலோன்காரர்கள். அங்கே ஜன்மம் என்ற பழைய பரம்பரை நில உரிமையை ஒழிக்க 1969இல் சட்டம் வந்தது. அந்த நிலத்தில் ஒரு பகுதி இன்னும் யாருக்கு என்று தீராமல் கிடக்கிறது. கொலைக்குக் காரணம் தேடி அலைகிறவர்கள் காதல், சொத்து, பழிவாங்கல் என்று சுற்றுவதை விட்டுவிட்டு, பட்டா இல்லாத ஒரு ஏக்கரைப் பற்றிக் கூடலூரில் ஒரு நாள் விசாரித்தால் போதும்.

ஒரு படத்தில் கூடலூர்ப் பணியர் கிராமத்துப் பெரியவருக்குத் தோடர் பூத்துக்குளியைப் போர்த்திவிட்டார்கள். சிவப்புக் கறுப்பு எம்பிராய்டரி, பார்க்க அழகாக இருக்கும், புவிசார் குறியீடு வாங்கிய துணி. ஆனால் அது தஞ்சாவூர்க் கதையில் மாப்பிள்ளைக்குப் பஞ்சாபித் தலைப்பாகை கட்டிவிடுவது போல. தியேட்டரில் கூடலூர் ஜனம் சிரித்த இடம் இயக்குநர் அழவைக்க நினைத்த இடம்.

2011 கணக்கெடுப்பை ஒருமுறை பாருங்கள். மாவட்டத்தில் பழங்குடியினர் சுமார் நாலரை சதவீதம். பட்டியல் சாதியினர் சுமார் 32 சதவீதம். மூன்றில் ஒருவர்! நீலகிரிப் படம் என்றால் ஒரு பக்கம் வெள்ளைக்காரன் பங்களா, மறுபக்கம் ஆதிவாசி நடனம். இடையில் இருக்கிற அந்த மூன்றில் ஒரு பங்கு எந்தக் கேமராவிலும் விழாமல் எப்படி நழுவுகிறது என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

இடத்தைச் சரியாகப் பிடித்தால் குற்றக்கதைக்குத் தேவையான கடிகாரமும் கிடைத்துவிடும். கூடலூரிலிருந்து மைசூர் போகும் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடியிருக்கும். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவெண் வண்டிக்கு வேண்டாம். அதாவது வெளியூர்க்காரன் வந்ததற்குப் பதிவு இருக்கும், உள்ளூர்க்காரன் நடமாட்டத்துக்கு இருக்காது. இந்த ஒரு விஷயத்தை வைத்தே "வெளியாள் செய்தான்" என்ற சந்தேகம் எப்படி உருவாகிறது, எப்படி உடைகிறது என்று இடைவேளை வரை கதை ஓட்டலாம்.

அடுத்து: நான்கு நாற்காலி

குற்றக்கதையில் நான்கு நாற்காலிதான். பிணம், சந்தேகத்துக்கு ஆளானவர், சாட்சி, விசாரிப்பவர். ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு உங்கள் பாத்திரங்களை உட்கார வையுங்கள். பெயரை எழுதாதீர்கள், எந்த ஊர், எந்தச் சமூகம், என்ன மொழி, என்ன வேலை என்று எழுதுங்கள். எழுதியதும் உங்களுக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். பத்து ஸ்கிரிப்டில் எட்டில் இப்படித்தான் வரும்: பிணம், எஸ்டேட் பெண். சந்தேகம், ஆதிவாசி. சாட்சி, வாய் பேசாத கிழவர். விசாரிப்பவர், சென்னையிலிருந்து மாற்றலில் வந்த, தூக்கம் வராத, சிகரெட் பிடிக்கிற ஆள்.

பிணத்தின் நாற்காலியில் யாரை வேண்டுமானாலும் உட்காரவைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். 2017 ஏப்ரலில் கோடநாடு எஸ்டேட் கொள்ளையில் செத்தவர் நேபாளத்திலிருந்து வந்த ஒரு காவலாளி. எஸ்டேட் யாருடையது என்று கேட்டால் தமிழ்நாடே சொல்லும். செத்த ஆளின் பெயரைக் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் கேட்டுப் பாருங்கள், பத்துப் பேரில் ஒருவர் சொன்னால் அதிகம். உங்கள் படமும் அதையே செய்யுமென்றால் கேமரா எதற்கு, செய்தித்தாள் போதுமே. பிணத்துக்கு ஒரு ஊர், ஒரு கடன், அனுப்பாமல் கையில் வைத்திருந்த ஒரு மணியார்டர் கொடுங்கள். இன்றைக்கு எஸ்டேட்டில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களையும் அந்தத் தாளில் எழுதிப் பாருங்கள்.

சந்தேகத்துக்கு ஆளானவர் விஷயத்தில் நான் வைத்திருக்கும் விதி ஒன்று உண்டு. ஒரு சமூகத்திலிருந்து ஒரே ஒரு ஆள் மட்டும் படத்தில் இருந்தால், அவன் செய்வதெல்லாம் அந்தச் சமூகம் செய்ததாகிவிடும். வில்லன் படுகர் என்றால் இன்னும் இரண்டு படுகர்கள் வேண்டும். ஒருவர் டிஎஸ்பியாக இருக்கலாம், இன்னொருவர் வெறுமனே இலைக்கு விலை கிடைக்கவில்லை என்று புலம்புகிற சின்ன விவசாயியாக இருக்கலாம். மூன்று பேர் இருந்தால் வில்லன் வில்லனாக மட்டும் தெரிவான்.

இதற்கு எதிர்ப்பக்கமாகவும் போய் விழ வேண்டாம். ஆதிவாசிகளைக் கோயில் விக்கிரகம் மாதிரி எழுதுவது இப்போது புது நோய். பொய் சொல்லாத, ஆசைப்படாத, காட்டைத் தவிர எதுவும் தெரியாத ஆதிவாசி. முதுமலையில் வேட்டைத் தடுப்புக் காவலராக வேலை செய்யும் ஆதிவாசிப் பையன்களைப் பார்த்திருக்கிறீர்களா? மசினகுடியில் டி23 புலியை மூன்று வாரம் தேடி 2021 அக்டோபர் 15 அன்று உயிரோடு பிடித்தபோது முன்னால் நடந்தவர்களில் அவர்களும் உண்டு. அவர்களுக்குப் பைக் தவணை இருக்கிறது, மேலதிகாரி மேல் கோபம் இருக்கிறது, வேலை எப்போது நிரந்தரமாகும் என்ற கவலை இருக்கிறது. தடம் பார்த்துச் சொல்லிவிட்டு மரத்துக்குப் பின்னால் மறைந்துபோவது ஹீரோவுக்கு வசதி. அந்தப் பையனுக்கு அதில் என்ன இருக்கிறது?

சட்டம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதைக் கதையில் வையுங்கள்

இதை எழுத்தாளர்கள் தொடுவதே இல்லை. ஆனால் குற்றப் படத்துக்கு இது தங்கச் சுரங்கம்.

செத்தவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ ஆக இருந்து, குற்றம் சாட்டப்பட்டவர் அந்த இரண்டுக்கும் வெளியே உள்ளவர் என்றால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உள்ளே வரும். 1995 விதிகளின்படி அந்த வழக்கை டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறைந்தவர் விசாரிக்க முடியாது. உங்கள் ஹீரோ இன்ஸ்பெக்டர் என்றால் முதல் நாளே வழக்கு அவர் கையை விட்டுப் போக வேண்டும்! இதைக் கவனிக்காமல் எடுத்த படங்களைச் சட்டம் தெரிந்தவர்கள் பத்தாவது நிமிடத்திலேயே விட்டுவிடுவார்கள். கவனித்து எழுதினால் எப்படி என்று யோசியுங்கள். ஸ்டேஷனில் எஃப்ஐஆர் எழுதும்போது செத்தவரின் சாதியை "விசாரணையில் தெரியவரும்" என்று ஒருவர் தள்ளிப்போடுகிறார். ஏன் தள்ளிப்போடுகிறார்? அந்தக் கேள்வியில் ஒரு படமே இருக்கிறது.

இன்னும் நுணுக்கமாகப் போகலாம். படுகர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து மந்தில் இருக்கிற தோடர் பழங்குடி. ஒரே பஸ்ஸில் போகிறவர்கள், ஒரே கடையில் கடன் சொல்கிறவர்கள், சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. குறும்பர் என்ற பெயர் தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் நீலகிரி மாவட்டத்துக்கு மட்டும் என்று குறிப்பிட்டுத்தான் இருக்கிறது. சாதிச் சான்றிதழ் கிடைக்காத ஒரு குடும்பம், அதனால் கொலை வழக்கே வேறு பிரிவில் பதிவாவது... இதைக் கற்பனை செய்ய மேதை தேவையில்லை, தாலுகா ஆபீஸ் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

இன்னொன்று, 2024 ஜூலை 1க்குப் பிறகு நடக்கும் கதையில் போலீஸ்காரர் "முந்நூத்தி ரெண்டு" என்று சொல்லக்கூடாது. அது பழைய தண்டனைச் சட்டத்தின் கொலைப் பிரிவு. அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலைக்கு 103.

சாட்சிதான் படம்

நான்கு நாற்காலியில் எனக்குப் பிடித்தது இதுதான். விசாரிப்பவருக்கு அதிகாரம் இருக்கும், சாட்சிக்குத் தெரிந்த விஷயம் இருக்கும். பன்மைத்துவம், பிரதிநிதித்துவம் என்று பெரிய சொற்களில் பேசுவதை நான் ஒரே கேள்வியாகச் சுருக்கி வைத்திருக்கிறேன்: இந்த ஆளுக்கு மட்டுமே தெரிந்த, ஹீரோவுக்குத் தெரிய வழியே இல்லாத ஏதாவது ஒன்று கதையில் இருக்கிறதா? இருந்தால் அவர் பாத்திரம். இல்லையென்றால் பின்னணி.

பாட்டி எனக்குச் சொன்னதை வைத்து ஒரு உதாரணம் தருகிறேன். தேயிலைக் காட்டில் பிணம் கிடக்கிறது. எப்போது போட்டார்கள்? படங்களில் டாக்டர் சொல்வார். கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு டாக்டருக்கு முன்னாலேயே தெரியும். ஒரே காட்டை மறுபடி பறிக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும், அதைச் சுற்று என்பார்கள். போன சுற்றில் பறித்த இடத்தில் இப்போது எவ்வளவு தளிர் வந்திருக்கிறது என்று பார்த்தாலே கடைசியாக ஆள் நடமாடி எத்தனை நாள் என்று கணக்குச் சொல்லிவிடுவார்கள். செடியின் மேல்மட்டம் பாய் விரித்த மாதிரி இருக்கும். யாராவது பாதை விட்டு ஊடே நடந்திருந்தால் மட்டம் உடைந்திருக்கும், வாது முறிந்திருக்கும். முறிந்த கொழுந்து மறுநாள் கறுக்கும், பிறகு காய்ந்து உதிரும். "நேத்து முறிஞ்சதுக்கும் நாலு நாள் முந்தி முறிஞ்சதுக்கும் வித்தியாசம் தெரியாதவ என்ன கொழுந்து எடுத்தா?" என்பார் பாட்டி.

அது யாருடைய நிரை, அதாவது யார் பறிக்கிற வரிசை, என்பதும் தெரியும். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்க ஆள் கூடும் இடத்துக்கு, யார் வரவில்லை என்பது தெரியும். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் வந்ததாக எழுதியிருந்தாலும் உண்மையில் வராதவர் யார் என்பதும் தெரியும். கடைசியாகச் சொன்னது செக்ரோல் எழுதியவருக்கும் அந்தப் பெண்களுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். நிரை, பெரட்டு எல்லாம் பாட்டி கடல் தாண்டிக் கொண்டுவந்த சொற்கள். சாட்சி வாயில் அந்தச் சொற்களை வைத்தால் அவர் யார், எங்கிருந்து வந்தவர் என்று தனியாக ஃபிளாஷ்பேக் போட வேண்டியதில்லை.

இதே போல எல்லோருக்கும் உண்டு. தேன் எடுக்கும் குறும்பருக்குப் பாறையில் எந்தக் கயிறு யார் கட்டியது என்று தெரியும். தோடருக்குத் தன் எருமை எந்த மேட்டிலிருந்து மிரண்டு ஓடிவந்தது என்று தெரியும். சுற்றுலா வண்டி டிரைவருக்கு எந்த ரிசார்ட் வாசலில் எந்த வண்டி நின்றது என்று தெரியும், அவர் சொல்லமாட்டார்.

மொழி: யார் பேசியதை யார் எழுதுகிறார்

தோட, கோத்த, படுக, இருள, பணிய, குறும்ப மொழிகள், தமிழ், மலையாளம், கன்னடம் எல்லாம் புழங்கும் மலையில் எல்லோரும் கோயம்புத்தூர்த் தமிழ் பேசினால் எப்படி? அதைவிட மோசம், இல்லாத ஒரு "காட்டுத் தமிழை" உண்டாக்கி "நான் போகுது சாமி" என்று பேசவைப்பது. காட்டுநாயக்கர் பெரியவர் தன் மொழியில் வக்கீலைவிடச் சரளமாகப் பேசுவார், திக்குவது நம் மொழியில்தான். படுகத்தைக் கன்னடம் என்று நினைத்து மைசூரிலிருந்து டப்பிங் ஆள் கூட்டிவந்த கதையும் எனக்குத் தெரியும்.

மொழியை அலங்காரமாக வைக்காமல் கதையின் முடிச்சாக வையுங்கள். போலீசிடம் சாட்சி சொல்வதைப் போலீசே எழுதிக்கொள்ளும், சாட்சி அதில் கையெழுத்துப் போடுவதில்லை. சாட்சி பேசியது பணிய மொழி, எழுதப்பட்டது தமிழ். நடுவில் மொழிபெயர்த்தது யார்? அதே எஸ்டேட் மேஸ்திரியா? அவருக்கு வழக்கில் என்ன லாபம்? பிறகு கோர்ட்டில் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று சாட்சி சொல்லும்போது அவர் பிறழ்சாட்சி ஆகிவிடுகிறார். இதை எழுத உங்களுக்கு ஒரு துப்பாக்கிகூடத் தேவைப்படாது.

அவர்கள் மொழியில் பேசினால் ஜனங்கள் உட்கார்ந்து பார்ப்பார்களா என்று தயாரிப்பாளர் கேட்பார். பக்கத்தில் அட்டப்பாடியில் இருளர் மூதாட்டி நஞ்சம்மா தன் மொழியில் பாடிய பாட்டோடுதான் 'அய்யப்பனும் கோஷியும்' என்ற மலையாளப் படம் ஓடியது. 2020க்கான தேசிய விருதும் அவருக்குக் கிடைத்தது. அதைச் சொல்லுங்கள்.

மொழிக்கு உதவி வேண்டுமென்றால் உதகை பக்கம் முத்தோரை பாலாடாவில் அரசின் பழங்குடியினர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கோத்தகிரியில் பழங்குடி மொழிகளிலேயே நிகழ்ச்சி நடத்தும் சமுதாய வானொலி இருக்கிறது.

நிறம், உடை, சூனியம்

சில வருடம் முன்பு கோத்தகிரிக்குக் கீழே ஒரு படப்பிடிப்பு. பெயர் வேண்டாம். சென்னையிலிருந்து வந்த துணை நடிகர் ஒருவருக்கு "இருளர் கெட்டப்" என்று முகம், கை, கால் எல்லாம் கறுப்பு மை பூசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்க் கேன் தூக்க வந்திருந்த இருளர் பெரியவர் ஒருவர் வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்தில் போய்த் தன் முழங்கையை அந்த நடிகர் கையோடு ஒட்டவைத்துப் பார்த்தார். நடிகர் கை இரண்டு மடங்கு கறுப்பு. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வண்டிக்குள் எல்லோரும் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தோம். நானும்தான். அந்தப் பெரியவரை வேலைக்குக் கூட்டிவந்தது நான், அவரை நடிக்கக் கேட்கலாம் என்று அன்றைக்கு எனக்கே தோன்றவில்லை.

ஆகவே நிற மை வேண்டாம். உடையும் அப்படித்தான். பூத்துக்குளி சடங்குக்கும் விசேஷத்துக்கும். அன்றாடம் ஜெர்கின், குல்லா, ஜீன்ஸ். தோடர் வீடு என்றால் அரைவட்டக் குடிசைதான் என்று தேடாதீர்கள், பெரும்பாலும் கான்கிரீட் வீடு. மந்தின் கோயிலுக்கு வெளியாட்கள் நெருங்கக்கூடாத எல்லை உண்டு. அங்கே "ஒரே ஒரு ஷாட்" என்று கெஞ்சாதீர்கள்.

சூனியம் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குறும்பர் என்றால் மந்திரவாதி என்பது சினிமாவுக்கு முந்திய வதந்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சூனியம் வைத்தார்கள் என்று சொல்லிக் குறும்பர்களைக் கூட்டமாகக் கொன்றது வெள்ளைக்காரர் காலப் பதிவுகளிலேயே இருக்கிறது. எலும்பு மாலை போட்ட குறும்பரைத் திரையில் காட்டும்போது அந்தக் கொலைகாரர்களின் வாக்குமூலத்தைத்தான் மறுபடி படமாக்குகிறீர்கள். கதையைத் திருப்பிப் போடுங்கள். "அவன் சூனியக்காரன்" என்று ஊரில் கிளப்பிவிட்டது யார், அதனால் யாருக்கு நிலம் கிடைத்தது?

உண்மை வழக்கை எடுத்தால்

'ஜெய் பீம்' 2021இல் வந்தபோது எல்லோரும் பேசினோம். 1993இல் கடலூர்ப் பக்கம் நடந்த காவல் நிலைய மரணம் அது. உண்மையில் செத்தவர் குறவர், படத்தில் இருளர். மாற்றியதற்கு இயக்குநர் தரப்பில் காரணம் இருக்கும். ஆனால் தங்கள் துக்கம் இன்னொருவர் பெயரில் போனதே என்று கேட்டவர்கள் கேள்வியையும் தள்ளிவிட முடியாது. அதே படத்தில் சுவரில் தொங்கிய ஒரு காலண்டர் படம் ஒரு சமூகத்தைக் குறிப்பதாகத் தகராறாகி, வெளியான பிறகு மாற்றினார்கள். ஆர்ட் டைரக்டர்களே, காலண்டர், சாமி படம், பைக்கில் ஒட்டிய ஸ்டிக்கர், கட்சித் துண்டு, இவை எல்லாமே வசனம்தான்.

கூலி, பெயர்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். ஊர்க்காரரை நடிக்கவைத்தால் நடிகருக்குரிய சம்பளம், கையில், அன்றே. இடையில் என்னைப் போன்ற ஆள் கமிஷன் எடுக்கக்கூடாது. மொழி சொல்லிக் கொடுத்தவர் பெயர் டைட்டிலில் வரவேண்டும், "நீலகிரி மக்களுக்கு நன்றி" என்று மொத்தமாக அல்ல. காப்புக்காட்டில் எடுக்க வனத்துறை அனுமதி. ஊருக்குள் எடுக்க ஊர்ப் பெரியவர்களோடு பெண்களிடமும் கேளுங்கள்.

கடைசியாக: வாசித்துக் காட்டுங்கள்

ஸ்கிரிப்ட் முடிந்ததும் கதையில் வருகிறவர்கள் முன்னால் உட்கார்ந்து வாயால் சொல்லுங்கள். அச்சடித்த தாளைக் கொடுத்தால் "நல்லா இருக்கு சார்" என்றுதான் வரும்.

ஒரு இயக்குநரை எங்கள் லைனுக்குக் கூட்டிப்போனேன். பாட்டியின் தோழி ஒருவர், எழுபது தாண்டியவர், திண்ணையில் வெற்றிலை மடித்தபடி கதை கேட்டார். கொழுந்து எடுக்கப் போன பெண் பிணத்தைப் பார்க்கிறாள், அலறிக்கொண்டு ஓடிவருகிறாள், கூடை உருள்கிறது, கொழுந்து சிதறுகிறது, ஸ்லோமோஷன். இயக்குநர் கையை விரித்து நடித்தே காட்டினார்.

"கூடை ஏது தம்பி, இப்ப சாக்குதான்" என்றார் கிழவி. பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மணி என்ன இருக்கும் அப்ப?" என்று கேட்டார்.

"பதினொன்னு, பதினொன்னரை பாட்டி."

"அப்ப எடைக்கு முன்னாடியா? அலற மாட்டா. அலறினா காட்டை நிறுத்திடுவாங்க, போலீஸ் வந்துரும், அத்தன பேருக்கும் அன்னைக்குப் பேரு போச்சு, கூலி போச்சு. சாக்கைத் தூக்கிட்டு வந்து எடை போட்டுட்டு, தண்ணி குடிச்சுட்டு, அப்பறந்தான் சொல்லுவா."

இயக்குநர் அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து அந்தக் காட்சியை எடுக்கும்போது நானும் நின்றிருந்தேன். ஒரு பெண் தராசு முன்னால் வரிசையில் நிற்கிறாள், முன்னால் நான்கு பேர். கேமரா அவள் முகத்தை விட்டு நகரவில்லை. அவள் முறை வந்ததும் மேஸ்திரி "பதினாறு" என்று சத்தமாகச் சொல்லி எழுதுகிறார்.